கன்னி மூலையில் ஒரு ஹார்ன்பீம்

நான் சொல்வது நடந்தது. நம்பாதவர்கள் நியூஜெர்சியில் ஐசலினுக்கு வரலாம். வேலி இன்னும் இருக்கிறது.

நாங்கள் வாங்கிய வீட்டின் பின்னால் ஹார்ன்பீம் மரங்களை நெருக்கி நட்டு, வெட்டி வெட்டி, பச்சைச் சுவர் போல வளர்த்திருந்தார்கள். இந்த மரம் வெட்டுக்கு அஞ்சாது. வெட்டிய இடத்தில் இரண்டு மடங்கு துளிர்க்கும். குளிரில் இலை காய்ந்தாலும் உதிர்க்காது, அதனால் ஜனவரியிலும் மறைப்பு இருக்கும். இவ்வளவு கெட்டியான மரத்தில் ஒரு கன்று மட்டும் ஏன் நிற்கவில்லை? அதுதான் முதலில் எனக்குப் புரியவில்லை.

தென்மேற்கில் வேலிக்கு நடுவே மூன்றடி இடைவெளி இருந்தது. ஈரோட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் வீட்டைப் பார்த்த வாஸ்துக்காரர், கன்னி மூலையில் வழியே கூடாது என்றார். என் கணவர் ரஞ்சித்குமார் அந்த வாரமே ஒரு கன்று வாங்கி நட்டு அடைத்தார்.

மூன்றாம் நாள் அது தரையோடு சாய்ந்து கிடந்தது. வெளிப்பக்கமாக.

"மான் வேலை, வானு," என்றார்.

"கடிச்ச தடமே இல்லையே. மானுக்கு வாஸ்து பிடிக்கல போல."

நிமிர்த்தி, கம்பு ஊன்றிக் கட்டினோம். கம்போடு சாய்ந்தது. மறுபடியும் வெளிப்பக்கம். வீட்டை விற்றுவிடலாம் என்று அவர் ஆரம்பித்தார். பதினோரு வருஷம் அபார்ட்மெண்டில் இருந்து வாங்கிய வீடு. நான் போக மாட்டேன் என்று சொல்லி, கன்றை மறுபடி நிமிர்த்திக் கட்டினேன்.

அன்று பனி பெய்து ஓய்ந்திருந்தது. மாலை ஐந்தே கால். சமையலறையில் தனியாக இருந்தேன். வேலியின் காய்ந்த இலைகள் சரசரவென்றன. பக்கத்து வீட்டு அமெரிக்கக் கொடி அசையவே இல்லை...

தட்... தட்...

பின் கதவில். முழங்கால் உயரத்தில்.

திறந்தேன். யாரும் இல்லை. பனியில் ஒரு தடம் கூட இல்லை.

தட்...

திறந்த கதவின் உள்பக்கத்தில்.

தட்டியது வெளியிலிருந்து அல்ல.

 நான் நகரவில்லை.

"போகணும்னா போ," என்றேன். "நான் இங்கதான் இருப்பேன்."

க்ரீச்... என்னை உரசிக்கொண்டு குளிர் போனது.

பனியில் இரண்டு கோடுகள் விழுந்தன. மெல்லிய கோடுகள். பக்கம் பக்கமாக.

காலடி இல்லை.

கோடுகள் கன்றை அடைந்தன.

கன்று மெதுவாகச் சாய்ந்தது...

மறுநாள் எதிர்வீட்டு தனபாக்கியம் ஆன்ட்டியிடம் கோடுகளைப் பற்றிச் சொன்னேன். தெருவில் இருபது வருஷமாக இருப்பவர்.

"உங்களுக்கு முன்னாடி இருந்த அம்மா வீல்சேர்லதான் இருந்தாங்க. சாயங்காலமானா அந்த இடைவெளி வழியா ஓடைப் பக்கம் போவாங்க. கடைசி வாரம் பனின்னு யாரும் வெளிய விடல. காலாலயே கதவை இடிச்சுக்கிட்டு இருந்தாங்களாம். உங்க கிச்சன்லதான் உயிர் போச்சு."

வீட்டுக்கு வந்து சொன்னதும் ரஞ்சித் புரோக்கருக்கு போன் போட எழுந்தார். போனை வாங்கி வைத்துவிட்டேன்.

அந்தக் கன்றைப் பிடுங்கி வேறு மூலையில் நட்டேன். இடைவெளியின் இருபுறத்து மரங்களிலிருந்தும் இளங்கிளைகளை வளைத்து, தலைக்கு மேலே வில்லாகக் கட்டினேன். உரசிக்கொண்டே வளர்ந்தால் ஹார்ன்பீம் கிளைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கீழே மூன்றடி அப்படியே விட்டேன். தினமும் ஐந்தே காலுக்குப் பின் கதவைத் திறந்து வைக்கிறேன். அதன் பிறகு ஒரு குச்சி கூட ஒடியவில்லை.