ஒன்பதாவது துண்டு

ஆள்காட்டி விரலைக் கம்ப்யூட்டர் திரையில் வைத்து எண்ணிக்கொண்டிருக்கிறார் அக்கா. "ஒண்ணு, ரெண்டு, மூணு..." எண்ணி முடிக்கும்வரை கடைக்கு வந்தவர் என்ன புலம்பினாலும் காதில் ஏறாது. விரல் பட்டுப் பட்டுத் திரையில் ஒரு வரிசையே மங்கிக் கிடக்கிறது.

கடைப் பலகையில் இருப்பது கம்ப்யூட்டர் ரிப்பேர். தெரு வைத்த பெயர் 'ஒட்டுக்கடை அக்கா'. ஒரே மூச்சில் அனுப்ப முடியாத பெரிய ஃபைலைச் சுருக்கி, துண்டு துண்டாக அனுப்புகிறார்களே, அவற்றைச் சேர்த்துத் திறப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. "எல்லாத் துண்டும் ஒரே ஃபோல்டர்ல இருக்கணும். பேரை மாத்தாதீங்க. முதல் துண்டைத் திறந்தா மத்தது தானா பின்னாடி வரும்." இதை ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்வார், சிரிக்காமல்.

இன்று வந்திருப்பவர் கட்டட இன்ஜினீயர், ஏழு துண்டு வந்ததாகச் சொன்னவர். விரல் ஆறில் நின்றுவிட்டது.

"ஏழாவது எங்கே?"

"அதுவாக்கா? மத்ததெல்லாம் இத்தாம் பெருசு, அது மட்டும் துளியூண்டு. குப்பைன்னு அழிச்சுட்டேன்."

அக்காவின் முகம் சுண்டிப்போகிறது. "மிச்சம் மீதிதாங்க கடைசித் துண்டுல வரும், சின்னதாத்தான் இருக்கும். உள்ள என்னென்ன இருக்குங்கிற பட்டியலே இந்த வகையில அதுலதான் இருக்கு. அது இல்லேன்னா மத்த ஆறும் சும்மா. அழிச்ச பிறகு இந்த லேப்டாப்புல வேற எதையாவது போட்டீங்களா?"

"இல்லக்கா."

"பொழைச்சீங்க. மேல வேற எதுவும் ஏறலேன்னா மீட்டுடலாம்."

அரை மணி நேரத்தில் ஏழாவது மீண்டு வந்தது. வரைபடங்கள் விரிந்தன. இன்ஜினீயர் ஆயிரம் நன்றி சொல்லிவிட்டு, "இவ்வளவு சின்னது, யாருக்குக்கா தோணும்?" என்றார்.

"எனக்கே தோணலையே" என்றார் அக்கா. இன்ஜினீயருக்கு அது விளங்கியிருக்காது.

அக்காவின் தம்பி வெளிநாட்டில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அம்மாவுக்காகப் பேசிப் பதிவு செய்து, ஒன்பது துண்டாக அனுப்பியிருந்தான். எல்லாம் வந்து சேர்ந்த மறுநாள் அவன் இல்லை. அந்த வாரம் கண்ணில் எதுவும் ஏறாத வாரம். அப்போது பார்த்து, கடைக் கம்ப்யூட்டரில் இடமில்லை என்று வேண்டாததைக் கழித்தார். பொடியாக ஒன்று கிடந்ததையும் சேர்த்தே கழித்தார். அதன்மேல் யாருடைய கணக்குப் பாடங்களையோ ஏற்றினார். ஊருக்குத்தான் உபதேசம். அவன் அனுப்பிய இணைப்பு காலாவதியாகிவிட்டது, அவனுடைய லேப்டாப் போன இடம் தெரியவில்லை. தம்பியின் கடைசிப் பேச்சைத் தன் கையாலேயே துடைத்துப் போட்டவர் அவர். இதைவிடக் கொடுமை ஒரு அக்காவுக்கு வேண்டாம்.

அழித்ததை அம்மாவிடம் சொல்லவில்லை. இரண்டு வருடமாகச் சொல்லவில்லை.

நான்கு மணிக்கு போன் அடிக்கிறது. அம்மாதான்.

"வந்துச்சாம்மா?"

"எட்டு வந்துருச்சும்மா. ஒண்ணுதான் பாக்கி."

"அதான் எட்டு வந்துருச்சே. யானையே வந்துட்டுது, வால் வராமலா போயிடும்? அவன் என்ன சொல்லியிருக்கான்னு கேட்டுட்டா போதும், அப்புறம் எது வந்தாலும் வரட்டும். நீ சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேம்மா."

சாப்பிடவில்லை. டப்பா மூடியபடியே மேசையில் இருக்கிறது. போனை வைத்துவிட்டுத் தம்பி பெயர் போட்ட ஃபோல்டரைத் திறக்கிறார். விரல் திரைக்குப் போகிறது. ஒண்ணு, ரெண்டு, மூணு. எட்டில் நிற்காமல், அடுத்திருக்கும் வெற்றிடத்தில் போய் அழுந்துகிறது. வாசலில் யாரோ "அக்கா" என்று கூப்பிடுகிறார்கள். விரலை எடுக்கவில்லை.