முகத்தில் அடிக்கிற தண்ணீர்

அந்த வருஷம் நான் எஸ் எழுத்தில் இருந்தேன். சென்னையில் ஒரு பதிப்பாளர் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஆங்கிலம்-தமிழ் அகராதி ஒன்று தயாரித்துக்கொண்டிருந்தார். வீட்டில் உட்கார்ந்தபடி ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழில் பொருள் எழுதி அனுப்புவது என் வேலை. இங்கிலீஷில் எம்.ஏ. படித்துவிட்டுக் காஞ்சிபுரத்தைத் தாண்டாதவள், கல்யாணம் என்ற பேச்சை வீட்டில் எல்லோரும் மறந்து போனவள், அம்மாவுக்கும் தம்பிக்கும் சமைத்துப் போட்டுக்கொண்டிருப்பவள். இப்படிப்பட்ட வேலைக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் அவருக்குக் கிடைத்திருக்கமாட்டார்.

எஸ்ஸில் பாதி தாண்டி ‘ஸ்ப்ளாஷ்’ என்ற சொல்லில் வந்து நின்றுவிட்டேன். தண்ணீர் தெறிப்பது, தெறிக்க அடிப்பது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். பதிப்பாளரும் அதைத்தான் போனில் கேட்டார்.

“ஒரே வார்த்தை போதும் மேடம். தெளித்தல்னு போட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடுங்க.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வாசலில் தண்ணீர் தெளிக்கிறோம், சரி. கீரைக்காரம்மா கட்டுகளின் மேல் தெளிக்கிறாள், அதுவும் சரி. மழை நாளில் பஸ் போனால் நம் புடவையில் சேற்றை வாரி அடிக்கிறதே, அது தெளிப்பதா? மயங்கிக் கிடப்பவன் முகத்தில் தண்ணீரை அடிக்கிறோமே, அது? இதையெல்லாம் சொன்னேன். “பிள்ளைங்க புக்கு மேடம்” என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்துவிட்டார்.

விடாமல் அந்தச் சொல்லின் பூர்வீகத்தைத் தேடினேன். அதற்கு முன்னால் ‘பிளாஷ்’ என்று ஒரு சொல் இருந்திருக்கிறது. குட்டை, தேங்கிய தண்ணீர் என்று பொருள். தண்ணீரில் எதையாவது போட்டால் எழும் சத்தத்தையே பெயராக வைத்திருப்பார்கள் என்கிறார்கள். நாம் சளப் என்று சொல்கிற மாதிரிதான். பிறகு யாரோ அதன் முன்னால் ஒரு எஸ்ஸைச் சேர்த்திருக்கிறார்கள். கொஞ்சம் வேகம் வரட்டும் என்றுதானாம். அதற்கப்புறம் அந்தச் சொல் ஊரெல்லாம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. சுவரில் தீற்றின வண்ணமும் ஸ்ப்ளாஷ், பேப்பரில் பெரிய எழுத்தில் வரும் செய்தியும் ஸ்ப்ளாஷ், காசை வாரி இறைப்பதும் அதுதான். கடைசியாக ஒரு பொருள் போட்டிருந்தது. மதுவில் ஊற்றும் கொஞ்சம் சோடா.

அதைத் தம்பியிடம் சொன்னேன். அன்று அவன் தெளிவாக இருந்தான். சிரித்தான்.

“சோடாவுக்கெல்லாம் தனியா பேரா? நாங்க எல்லாம் ராவா அடிக்கிறவங்கக்கா. எங்க புக்குல அது வராது.”

நானும் சிரித்துவிட்டேன். அந்தச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டு விடாததற்குக் காரணமே அவன்தான். வேறு எவனைப் பற்றியும் நான் இவ்வளவு யோசித்ததில்லை.

அவன் ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். குடி முற்றியதும் ஆட்டோவின் சொந்தக்காரர் சாவியை வாங்கிக்கொண்டார். பெண்டாட்டி குழந்தையைத் தூக்கிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போனாள். நானாக இருந்தால் இன்னும் முன்னாலேயே போயிருப்பேன். அதன் பிறகும் அவன் தினமும் ஆட்டோ ஸ்டாண்டுக்கே போனான். ஓட்டுவதற்கு வண்டி இல்லாவிட்டாலும் விழுவதற்கு இடம் அங்கேதான் இருந்தது. உச்சி வெயிலில் டீக்கடைக்காரர் போன் செய்வார்.

“அக்கா, தம்பி இங்க விழுந்துகினு கெடக்குது. வந்து இட்டுக்கினு போங்க.”

கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவிட்டு, பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு கிளம்புவேன். போகிற வழியெல்லாம் திட்டிக்கொண்டேதான் போவேன். அவனை, அவனைப் பெற்றவளை, என்னை, ஒயின் ஷாப்புக்கு இடம் கொடுத்தவனை, ஒருவரையும் விடமாட்டேன். அங்கே போய் அவன் தலைமாட்டில் குந்தி, உள்ளங்கையில் தண்ணீரை ஏந்தி முகத்தில் அடிப்பேன். முதலில் புருவம் மட்டும் நெளியும். மறுபடி அடித்தால் கெட்ட வார்த்தை வரும். விடாமல் அடித்தால் கண்ணைத் திறப்பான். திறந்ததும் என்னை அடையாளம் கண்டுகொண்டு, “போலாம்கா” என்பான். அப்போது அவன் முகத்தில் தூக்கமோ குடியோ எதுவும் இருக்காது. பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பிவிட்ட பையனின் முகமாக இருக்கும்.

அந்த முகத்தை நம்பித்தான் வருஷக்கணக்கில் ஏமாந்தேன். இதோ எழுந்துவிட்டான், இனிமேல் எழுந்தே இருப்பான் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்தேன். எம்.ஏ. படித்த முட்டாள்.

உறவுக்காரர்கள் அவனுக்கு எப்போதோ தண்ணீர் தெளித்து விட்டுவிட்டார்கள். அப்படிச் சொல்வது நம் வழக்கம். பலி கொடுக்கப்போகிற ஆட்டின் மேல் மஞ்சள் தண்ணீரைத் தெளித்துவிட்டால் அது இனி நம் ஆடு இல்லை. அதிலிருந்துதான் அந்தப் பேச்சு வந்தது என்பார்கள். அம்மா காதுபட யாராவது அதைச் சொன்னால் அவர்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள்.

தம்பிக்குக் கண் மஞ்சளானபோது டாக்டர் நேராகவே சொன்னார். “கல்லீரல் பாதிக்கு மேல போயிடுச்சும்மா. இன்னிக்கே நிறுத்துனா பார்க்கலாம். இல்லாட்டி என் கையில ஒண்ணும் இல்ல.” தம்பி ரொம்ப மரியாதையாகத் தலையாட்டினான். அம்மா வீட்டுக்கு வந்ததும் பாலாற்றுக்கு அக்கரையில் இருக்கும் தன் பிறந்த ஊர் அம்மனுக்கு ஒரு கிடா நேர்ந்துகொண்டாள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனாலும் அன்று அம்மாவைத் தடுக்க என்னிடம் இதைவிட நல்ல யோசனை ஒன்றும் இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனோம். தம்பி குளித்து, மஞ்சள் வேட்டி கட்டி, கை கட்டி நின்றான். அந்த வாரம் முழுக்க அவன் குடிக்கவில்லை. விரல்கள் மட்டும் நடுங்கின. கிடாவுக்கு மாலை போட்டுப் பூசாரி அதன் முதுகில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். கிடா உடம்பைச் சிலிர்த்து உதறவேண்டும். உதறினால்தான் அம்மன் ஒப்புக்கொண்டாள் என்று அர்த்தம். அதுவரை யாரும் கத்தியைத் தொடக்கூடாது.

கிடா உதறவில்லை. பூசாரி மறுபடி தெளித்தார். அது கழுத்து மாலையில் ஒரு பூவைத் தின்றுகொண்டு எங்களைப் பார்த்தது. பம்பைக்காரர் அடித்து அடித்துக் கை ஓய்ந்தார். வெயில் ஏறிவிட்டது. கூட்டத்தில் ஒருத்தர், “வீட்ல ஏதோ குத்தம் இருக்குது” என்று முணுமுணுத்தார். அம்மா ஆட்டுக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

“உத்தரவு குடுத்துடு தாயி. எம் புள்ளைய எனக்குக் குடுத்துடு.”

அவள் தெய்வத்திடம் கேட்டாளா ஆட்டிடம் கேட்டாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பார்க்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கடைசியில் எங்கள் மாமா, அம்மாவின் கூடப்பிறந்தவர், பொறுமையிழந்து ஒரு செம்புத் தண்ணீரை அப்படியே கிடாவின் காதில் ஊற்றினார். அது தலையிலிருந்து வால்வரை படபடவென்று உதறியது. எல்லோர் மேலும் தண்ணீர் தெறித்தது. பம்பை முழங்கியது. அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். என் கன்னத்தில் பட்ட மஞ்சள் தண்ணீரைத் துடைக்காமல் நின்றேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அந்த நிமிஷம் நானும் நம்பினேன்.

திரும்பும்போது பாலாற்றின் மேல் ஓரிக்கைப் பாலத்தில் ஆட்டோ மெதுவாக வந்தது. அம்மா களைப்பில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். ‘ஆற்றில் பிள்ளைகள் தண்ணீரை வாரியடித்து விளையாடினார்கள்’ என்று ஸ்ப்ளாஷுக்கு ஓர் உதாரணம் எழுதி வைத்திருந்தேன். எட்டிப் பார்த்தால் கீழே வெறும் மணல். எதிரில் உட்கார்ந்திருந்த தம்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அது ஒத்துக்கவே இல்லக்கா” என்றான்.

“எது?”

“ஆடு. காதுல தண்ணி பூந்தா எதுவா இருந்தாலும் ஒதறத்தான் செய்யும். நானும் அப்டித்தான். நீ மூஞ்சில தண்ணி அடிக்கிற, நான் எழுந்துக்கிறேன். எழுந்துக்கணும்னு எனக்கு ஒண்ணும் கெடயாது. நீயா சந்தோஷப்பட்டுக்கினு இருக்கிற.”

“வாய மூடிக்கினு வாடா” என்றேன். அவன் கோபமாகச் சொல்லவில்லை. என்மேல் பரிதாபப்பட்டுச் சொன்னான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இத்தனை நாள் நான் காப்பாற்றிக்கொண்டிருந்ததாக நினைத்தவன், எனக்காகத்தான் கண்ணைத் திறந்துகொண்டிருந்திருக்கிறான்.

அந்த வாரமே அவன் மறுபடி ஸ்டாண்டுக்குப் போனான். போன் வந்தது. பாட்டிலை எடுத்துக்கொண்டு போனேன். அடித்தேன், எழுந்தான், “போலாம்கா” என்றான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து பதிப்பாளருக்கு எழுதி அனுப்பினேன். ஸ்ப்ளாஷ்: தெளித்தல். நன்றி மேடம் என்று உடனே பதில் வந்தது.

மழைக்காலம் முடிவதற்குள் அவன் வயிறு பானையாக வீங்கிவிட்டது, கையும் காலும் குச்சியாகிவிட்டன. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உடம்பில் நீர் சேர்ந்துகொண்டே போவதால் தண்ணீரை அளந்துதான் கொடுக்கவேண்டும் என்றார்கள். நாளெல்லாம் தண்ணீர் தண்ணீர் என்றான். பஞ்சை நனைத்து உதட்டில் வைப்போம். அதைச் சப்பிவிட்டு மறுபடி கேட்பான். சாராயத்துக்குக்கூட அவன் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவன் போவதற்கு முந்தின நாள் மத்தியானம், ஜன்னல் பக்கம் இருந்த பாட்டிலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“குடிக்கக்கூடாதுடா” என்றேன்.

“குடிக்க வாணாம். மூஞ்சில அடி.”

அதற்கு முன் அவன் ஒருநாளும் அதைக் கேட்டதில்லை. உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி, ஈரக் கையால் மெல்லத் துடைத்துவிட்டேன்.

“இப்டி இல்லக்கா. எப்பவும் அடிக்கிற மாதிரி அடி.”

அடித்தேன். உதட்டோரம் வழிந்ததை நாக்கால் தொட்டுக்கொண்டான். “இன்னொரு வாட்டி” என்றான். மறுபடி அடித்தேன். தலையணை நனைந்து கழுத்துக்கடியில் ஈரம் பரவியது. நர்ஸ் பார்த்தால் திட்டுவாள் என்று அம்மா கதவருகில் போய் நின்றுகொண்டாள். தண்ணீர் பட்டால் கண்ணைத் திறக்கிறவன், அன்று தண்ணீர் படப்படக் கண்ணை மூடிக்கொண்டான். பாட்டிலில் பாதி மீதி இருந்தது.

“இன்னும் அடிக்கட்டுமாடா?” என்று கேட்டேன்.

“போதும்கா” என்றான்.

அவன் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அன்று ஒருநாள்தான்.