கிறிஸ்தோபர் மாமன் ஆனதும் ஆகாமல் போனதும்

கிறிஸ்தோபரைப் பற்றி எடுத்த படத்தில் கிறிஸ்தோபரின் முகம் கிடையாது. கழுத்துக்கு மேலே கஞ்சியைக் கொட்டியதுபோலக் கலக்கிவிட்டிருக்கிறார்கள். கழுத்துக்குக் கீழே அவனுடைய பச்சைக் கோடு போட்ட சேர்ட் பளிச்சென்று தெரிகிறது. அவன் ஊரான பலாபத்வலையில் அந்தச் சேர்ட்டை அறியாத நாய்கூட இல்லை. நல்லவேளை, படம் வெளிநாட்டில்தான் ஓடியது. நானும் இங்கே எல்லாருக்கும் வேறு பெயர் வைத்துத்தான் எழுதுகிறேன், என் பெயரைத் தவிர.

நான் பொன்னையா, பென்ஷன் வாங்கும் இங்கிலிஷ் வாத்தியார். 2008இல் ஹன்னா என்ற வெள்ளைக்காரப் பெண் கமராவோடு மாத்தளைக்கு வந்தபோது, மொழிபெயர்க்க ஆள் தேவை என்று என்னைப் பிடித்தார்கள். என்ன படம் என்று கேட்டேன். டொக்டரும் இல்லாமல் ஆஸ்பத்திரியும் இல்லாமல், இன்டர்நெட்டில் பேசிவைத்துப் பிள்ளையில்லாதவர்களுக்கு விந்து கொடுக்கும் ஆண்களைப் பற்றிய படமாம். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த இங்கிலிஷில் இந்தப் பாடம் இல்லை.

கிறிஸ்தோபருக்கு அப்போது வயது முப்பத்தைந்து. பலாபத்வலைச் சந்தியில் கொமியுனிகேஷன் கடை வைத்திருந்தான். டெலிபோன், போட்டோ கொப்பி, இரண்டு கம்பியூட்டர். மனைவி மார்ஜரி தையல்காரி. ஒரே மகள் டொறீனுக்கு மூன்று வயது. அவனுக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. ஏணி கேட்டால் ஏணி, சைக்கிள் பம்ப் கேட்டால் பம்ப். அப்படித்தான் இதையும் கொடுத்தான்.

கேட்டது பல்லேபொலப் பக்கத்து மிளகுத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை பழனிமுத்துவின் மனைவி வேலம்மா. பழனிமுத்துவுக்கு வாலிபத்தில் பொன்னுக்கு வீங்கி வந்து, வீக்கம் கீழே இறங்கி, விஷயத்தைக் கெடுத்துவிட்டது. கல்யாணமாகி ஒன்பது வருஷம். ஊர் பழித்தது வேலம்மாவைத்தான். அவள் மாத்தளை டவுனுக்குப் போய், பிள்ளையில்லாத தமிழர்கள் கூடிப் பேசும் ஒரு இன்டர்நெட் குழுவில் எழுதினாள். கிறிஸ்தோபர் பதில் போட்டான். அவள் முதலில் கேட்டது அவனுடைய இரத்த வகையை அல்ல.

"நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டாள்.

சொன்னான். ஒரே ஆட்கள்தான். இவன் வேதக்காரன், அவர்கள் சைவம். அது பரவாயில்லையாம். சாதி மாறினால் மட்டும் சாமான் புளித்துவிடும் போலிருக்கிறது.

மார்ஜரி ஒரு நிபந்தனை போட்டாள். "குடுக்கிறதுன்னா போத்தல்ல குடுத்துட்டு வாசலோட வந்துருங்க. தேத்தண்ணிக்குக்கூட உள்ள போகப்புடாது."

போத்தலைச் சூடு ஆறாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போவான். சண்டை உச்சத்தில் இருந்த காலம். சோதனைச் சாவடியில் யார் கையில் போத்தலைக் கண்டாலும் வெடிமருந்தோ என்று சந்தேகித்துக் குடித்துக் காட்டச் சொல்வார்கள். இவனிடமும் ஒரு சிப்பாய் சொன்னான். கிறிஸ்தோபர் வேறு வழியில்லாமல் சிங்களத்தில் உண்மையைச் சொல்லிவிட்டான். சிப்பாய் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டான். மூவரும் போத்தலை வெயிலில் பிடித்துப் பார்த்தார்கள். மூத்தவன், வில்கமுவவில் இருக்கும் தன் அக்காவுக்கு எட்டு வருஷமாகப் பிள்ளையில்லை என்று சொல்லி டெலிபோன் நம்பரை வாங்கிக்கொண்டு வழிவிட்டான்.

இதைக் கேட்டு ஹன்னா சிரிக்கவில்லை. ஏன் இதைச் செய்தாய், யுத்தத்தில் யாரையாவது இழந்தாயா, உள்ளே ஏதாவது வெறுமை உண்டா என்று துருவினாள். கிறிஸ்தோபர் யோசித்துப் பார்த்தான்.

"கேட்டாங்க, குடுத்தேன். அவ்வளவுதான் சேர்."

நான் அதையே நாலு வாக்கியமாக நீட்டிச் சொன்னேன். அவளுக்குக் கொஞ்சம் திருப்தி.

பழனிமுத்துதான் இதில் சிக்கலான ஆள். போத்தல் வரும் நாட்களில் மிளகுக் கொடிகளுக்குள் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். யாரோ ஒருவன் அடிக்கடி வந்துபோனால் லயத்து வீடுகளில் பேச்சு வரும் என்று வேலம்மா பயந்தபோது, வெடுக்கென்று சொன்னானாம்: "ஒன் அண்ணன்னு சொல்லிக்க. ஒன் பக்கமே இருக்கட்டும். எனக்கு எந்த ஒறவும் வேணாம்." அவளுக்குக் கூடப்பிறந்த ஆண் கிடையாது. அதனால் கிறிஸ்தோபர் அவளுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் ஆனான். பையன் பிறந்ததும் தாய்மாமன் ஆனான். யாரும் அதற்கு மேல் யோசிக்கவில்லை. இத்தனை படித்த நானும் யோசிக்கவில்லை.

பையனுக்கு ஒரு வயதானதும் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் காதுகுத்து. காதுகுத்துப் பற்றிப் படம் எடுக்கிறார்கள் என்று நான் ஒரு பொய்யைச் சொல்லி ஹன்னாவை உள்ளே விட்டேன். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய பையன் மாமன் மடியில், அதாவது கிறிஸ்தோபர் மடியில், உட்கார்ந்திருந்தான். டொறீன் பக்கத்தில் நின்று அவன் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

பழனிமுத்துவின் அக்கா காத்தாயிக்குக் கமராவைக் கண்டதும் சாமி வராத குறைதான். வெள்ளைக்காரிக்கு ஏதாவது பெரிதாகக் காட்டவேண்டும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. டொறீனைத் தூக்கிப் பையன் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"மாமன் மக இருக்கையில வெளிய எதுக்குப் பொண்ணு தேடணும்? ரெண்டு வயசு மூப்புன்னா என்ன? வெத்தல தட்டக் கொண்டாங்க. அம்மன் முன்னாடியே பேசி முடிச்சிருவோம்!"

கூட்டம் சிரித்தது. யாரோ குலவை போட்டார்கள். மார்ஜரியின் முகம் வெளுத்துப்போனது. அப்போதுதான் எனக்கும் உறைத்தது. தாய்மாமன் மகள் என்றால் முறைப்பெண். ஒரே அப்பனுக்குப் பிறந்த இரண்டையும் ஊர் கூடி மாப்பிள்ளை பெண்ணாக உட்காரவைத்திருக்கிறது. சாதி பார்த்து வாங்கியதன் பலன் அது. வேறு சாதிக்காரனிடம் வாங்கியிருந்தால் காத்தாயி அந்தப் பேச்சையே எடுத்திருக்கமாட்டாள்.

"சின்னப் புள்ளைங்கதானே, பொறகு பாப்போம்" என்றாள் மார்ஜரி.

"ஏன், எங்க தம்பி மகன் ஒங்களுக்கு எளப்பமா? இல்ல, வேதம் பாக்கிறீங்களா?"

தட்டு வந்துவிட்டது. இன்றைக்கு எதையாவது சொல்லித் தட்டைத் திருப்பினாலும் முறை முறைதான். இரண்டும் அதைக் கேட்டுக்கேட்டே வளரும். உண்மையைச் சொன்னால் பழனிமுத்து ஊரில் தலைநிமிர முடியாது. பையனையும் சும்மா விடமாட்டார்கள். கிறிஸ்தோபர் பையனை இறுக்கிப் பிடித்தபடி வாயைத் திறந்து திறந்து மூடினான். இல்லை என்று சொல்ல இப்போதும் அவனுக்கு வரவில்லை. நான் என் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்கக்கேடு.

பழனிமுத்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து தட்டைப் பிடுங்கிக் கீழே வைத்தான்.

"அவன் மாமன் இல்ல" என்றான். "எனக்குத் தம்பி."

காத்தாயி பக்கம் திரும்பினான்.

"நம்மப்பனுக்குப் பலாபத்வலையில ஒரு தொடுப்பு இருந்திச்சு அக்கா. அதுல பொறந்தவன் இவன். அப்பன் சாகையில எங்கிட்டச் சொல்லிச்சு. வெளிய சொல்ல வெக்கப்பட்டு வேலம்மாவுக்கு அண்ணன் மொறன்னு சொல்லி வச்சோம். புள்ளைக்கு இவன் சித்தப்பன். அந்தப் புள்ள அக்கா."

பழனிமுத்துவின் அப்பன் பெண்டாட்டியைத் தவிர வேறு பெண்ணை ஏறிட்டுப் பார்க்காத மனுஷன் என்று பிறகு கேள்விப்பட்டேன். கிறிஸ்தோபரின் அம்மா மரியாயி, செபமாலையோடு வாழ்ந்து செபமாலையோடு புதைக்கப்பட்டவள். இரண்டு பேரின் பெயரையும் ஒரே மூச்சில் பழனிமுத்து கெடுத்துவிட்டான். எல்லாரும் கிறிஸ்தோபரைப் பார்த்தார்கள்.

"ஆமா" என்றான் கிறிஸ்தோபர். அவன் கண் கலங்கியிருந்தது.

காத்தாயி அவன் முகத்தையும் பையன் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். மார்பில் அடித்துக்கொண்டாள்.

"அடப்பாவி அப்பா! அதானே பாத்தேன், புள்ள மூக்கு அப்படியே இவன் மூக்கா இருக்கேன்னு!"

நம்பிவிட்டார்கள். நல்லவனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொன்னால் சாட்சி கேட்கும் ஊர், செத்தவனுக்குத் தொடுப்பு இருந்தது என்றால் உடனே நம்பும். மாமன் மடிக்கு ஆள் இல்லாமல் போனதால் என்னை உட்காரவைத்துக் காது குத்தினார்கள். பையன் என் வேட்டியை நனைத்தான். ஹன்னா, சொந்தக்காரச் சண்டை என்று நினைத்துக் கமராவை நிறுத்தியிருந்தாள். படத்தில் அந்த இடமே இல்லை.

அந்த நவம்பரில், ஆத்துமாக்கள் திருநாளன்று, கிறிஸ்தோபர் தாயின் கல்லறைக்கு மெழுகுதிரி கொளுத்தப் போனான். துணைக்கு நானும் போனேன். அங்கே பழனிமுத்து முந்தியே வந்து நின்றான். ஒரு கையில் கற்பூரப் பொட்டலம். இடுப்பில் பையன்.

"தம்பி, பெரியவங்க பேரக் கெடுத்துட்டேன். எப்பிடி மன்னிப்புக் கேக்கிறதுன்னு தெரியல."

"விடுங்கண்ணே. அம்மா கோவிச்சுக்க மாட்டாங்க."

பழனிமுத்து கற்பூரத்தைக் கல்லறை ஓரத்தில் கொளுத்தி வைத்தான். பிறகு பையனை இறக்கிவிட்டு, அவனுடைய சின்னக் கைகள் இரண்டையும் பிடித்துச் சேர்த்தான். எங்கள் ஆட்களில் அப்பனைப் பெற்றவளைத்தான் அப்பாயி என்போம். எங்கள் மூன்று பேருக்கும் உண்மை தெரியும். யாருக்காகவும் பொய் சொல்ல அங்கே வேறு ஆளே இல்லை.

"அப்பாயியக் கும்பிடுடா" என்றான்.