கம்பவுண்டரிடம் போன ஆர்கிட்

ராஜபாளையத்தில் என் கால் புண்ணுக்குக் கட்டுப்போட்ட கம்பவுண்டர் ஒல்லியாக, உயரமாக இருப்பார். சட்டைப் பையில் எப்போதும் பஞ்சு பிதுங்கிக்கொண்டிருக்கும். சம்மதம் கேட்காமல் யார்மேலும் கத்தரிக்கோலை வைக்க மாட்டார். "வெட்டட்டுமா?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருப்பார்.

அப்போது என் வீட்டில், ஊட்டியிலிருந்து மதினி ஆசையாகக் கொண்டுவந்த ஆர்கிட் பூச்செடி செத்துக்கொண்டிருந்தது. வெயில் ஊராயிற்றே என்று செம்மண்ணில் நட்டு வேளைக்கொரு செம்பு தண்ணீர் ஊற்றியதில் வேர் அழுகிவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் தேருக்கு மதினி வருவதாகச் சொல்லியிருந்தார். கட்டு மாற்றும்போது கம்பவுண்டரிடம் புலம்பினேன்.

"அழுகல்தான? கொண்டாங்க அண்ணாச்சி."

மறுநாள் வேரைக் கழுவி, செடியை மேசையில் கிடத்தினார். வெந்நீரிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். செடியைப் பார்த்து, "வெட்டட்டுமா?" என்றார். நான் சிரித்தேன். அவர் காத்திருந்தார். பெஞ்சிலிருந்த நோயாளிகள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"வெட்டுங்க," என்றேன்.

கறுத்த வேரை நறுக்கி, புண்ணுக்குப் போடும் பொடியைத் தூவினார். "மண்ணு வேண்டாம். கரித்துண்டுல வையிங்க. காயாம தண்ணி ஊத்தாதிய."

தேருக்கு வந்த மதினி, செடி புதுவேர் விட்டிருப்பதைப் பார்த்து என்னை மெச்சினார். நான் கம்பவுண்டர் பேச்சையே எடுக்கவில்லை.

அடுத்த வருஷம் பூத்ததும் தொட்டியோடு அவரிடம் ஓடினேன். பூ மூக்கில் உரச, குனிந்து வேரை மட்டும் அழுத்திப் பார்த்தார்.

"ஆறிருச்சி. இனிமே வர வேண்டாம்," என்று செடியிடம் சொன்னார்.

என் கால் ஆறியபோதும் இதையேதான் சொன்னார். இவ்வளவு கனிவாகச் சொன்னதாக ஞாபகம் இல்லை.