பொண்ணு கலர்

ரோஜா நிறத்தைக் கண்டாலே எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். பூவில் இருந்தால் பரவாயில்லை, மனித முகத்தில் பூசியதைச் சொல்கிறேன். திருத்தணியில் மலைக்குப் போகிற தெருவில் படங்களுக்குக் கண்ணாடி போட்டுக் கொடுக்கும் கடை என்னுடையது. பள்ளிப்பட்டு உழவனும் ஆர்.கே.பேட்டை நெசவாளியும் வெயிலில் வெந்த முகத்தோடுதான் தெருவில் நடப்பார்கள். படத்தில் மட்டும் ரோஸ் சோப்புக் கட்டி மாதிரி வந்து இறங்குவார்கள். அந்த முகங்களைத் துடைத்துச் சட்டத்துக்குள் தள்ளித் தள்ளியே எனக்குப் பாதி வயசு போயிற்று.

அந்த ரோஜாவைப் பூசியவள் லோயிஸ். என் கடைக்கு அடுத்த கதவு கஜபதியின் போட்டோ ஸ்டுடியோ. அங்கே அவளுக்குக் கலர் போடுகிற வேலை. மிஷன் சபையில் உபதேசியாராக இருந்த எலியாஸின் மகள். மிஷன் பங்களா வெள்ளைக்காரம்மா அவளைப் பட்டணத்துக்கு அனுப்பிச் சித்திரம் படிக்க வைத்தாள். படிப்பு முடிந்து இவள் ஊர் வந்து சேர்ந்தபோது இரண்டாவது உலகச் சண்டைக் காலம். சித்திர டீச்சர் வேலை எந்தப் பள்ளியிலும் இல்லை. பிற்பாடு வேலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் அந்த வேலை கிடைத்து, கடைசிவரை அங்கேயே இருந்தாள். நான் சொல்வது அதற்கு முந்தின கதை, சண்டை முடிந்த மறு வருஷம் நடந்தது.

அந்த நாளில் போட்டோ என்றால் கறுப்பு வெள்ளைதான். நிறம் வேண்டுமென்றால் கையால்தான் போட வேண்டும். கஜபதி முதலில் நெகட்டிவில் முகம் இருக்கிற இடத்தைப் பென்சிலால் தேய்ப்பான். அப்படிச் செய்தால் படத்தில் முகம் வெளுத்து விழும். வெளுத்த முகத்தின் மேல் லோயிஸ் பஞ்சில் கலரைத் தொட்டு ஒற்ற வேண்டும். என்ன கலர் என்று அவளைக் கேட்பார் கிடையாது. கஜபதியே ஒரு பாட்டிலில் கலக்கி வைத்திருந்தான், அதற்குப் பெயர் பொண்ணு கலர். கல்யாணத்துக்குப் பார்க்கிற பெண்களுக்காகக் கலக்கியது, போகப்போக மாப்பிள்ளைக்கும் அதுவே, செத்துப்போன கிழவனுக்கும் அதுவே.

“கையும் கறுப்பாதானே கீது, அதுக்கு இன்னா பண்றது?” என்று ஒருநாள் லோயிஸ் கேட்டாள்.

“மூஞ்சியதாம்மா பாப்பாங்க. கைய எவன் பாக்கறான்? உட்டுத்தள்ளு” என்றான் கஜபதி.

எல்லாப் படத்திலும் அப்படித்தான். ரோஜா முகம், அதற்குக் கீழே யாரோ ஒருவருடைய கறுத்த கை.

கலர் குழைக்க என் கடையில் உடைந்த கண்ணாடித் துண்டுகளைத்தான் அவள் வாங்கிக்கொண்டு போவாள். ஒரு மத்தியானம் என் பலகை மேலேயே துண்டை வைத்து மஞ்சள், சிவப்பு, நீலம் என்று மூன்று சொட்டு விட்டாள்.

“இந்த மூணையும் வேற எதுலயும் கலக்கி எடுக்க முடியாதுண்ணா. மத்ததெல்லாம் இதுல இருந்து வர்றதுதான். மஞ்சளும் நீலமும் சேந்தா பச்ச. சிவப்பும் மஞ்சளும் சேந்தா ஆரஞ்சு. சிவப்பும் நீலமும் சேந்தா ஊதா. பச்சைல இல்லாதது எது?”

“சிவப்பு” என்றேன்.

“ஆங். அதான் பச்சைக்கு எதிர் நெறம். ரெண்டையும் பக்கத்துல வெச்சா ஒண்ண ஒண்ணு தூக்கிக் காட்டும். ஒண்ணா கலந்தா ரெண்டும் அடங்கிப்பூடும்.” பிறகு மூன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக் குழைத்தாள். நீலத்தைக் குறைத்தாள், மஞ்சளை ஏற்றினாள். கண்ணாடியில் ஒரு பழுப்பு எழுந்தது. அதைத் தன் முழங்கைக்குப் பக்கத்தில் பிடித்தாள். எது கை, எது கலர் என்று எனக்குச் சட்டென்று தெரியவில்லை.

“மூணும் சேந்தா சேறாயிடும்னு சொல்லுவாங்க. அளவு தெரியாம கலக்குனா சேறுதான். அளவோட கலக்குனா மனுஷன். அந்த பாட்டில்ல கீறது வெறும் சிவப்புத் தண்ணிண்ணா” என்றாள்.

அதற்கப்புறம் எனக்கும் பார்வை கெட்டுவிட்டது. மலையில் மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய குழந்தைகளை நேராக ஸ்டுடியோவுக்குத் தூக்கிக்கொண்டு வருவார்கள். படத்தில் அந்தத் தலைக்குப் பளீரென்று மஞ்சள் போட்டால் பக்கத்தில் வெளுத்த முகம் ஊதா அடித்துத் தெரியும், மஞ்சளுக்கு அதுதான் எதிர் நிறமாம். அதன் மேல் ரோஜா போட்டால் குழந்தை செத்து ஒருநாள் ஆன மாதிரி இருக்கும். பெற்றவர்கள் அதைப் பார்த்துப் பூரித்துப் போவார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சட்டத்துக்கு ஆணி அடிப்பேன்.

ஆடி மாசம் வீட்டுக்குப் போய்ப் பார்க்க ஆகாது என்று, அந்த ஆடிக் கிருத்திகைக்கு மலைக்கு வந்த இடத்தில் பொதட்டூர்பேட்டைக் காஞ்சனாவை என் கடை வாசலில்தான் பெண் பார்த்தார்கள். லோயிஸ் கலர் போட்ட போட்டோவைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். மாப்பிள்ளையின் தாய் பெண்ணைப் பார்த்தாள், கையோடு கொண்டுவந்த படத்தைப் பார்த்தாள், “இவ தங்கச்சியா? பொண்ணு எங்க?” என்று கேட்டாள். காஞ்சனா தன் படத்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். சுற்றிலும் காவடிக் கூட்டம். அந்தப் பெண் அழக்கூட இல்லை, முந்தானையால் முகத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். லோயிஸ் உள்ளே போய் மண்ணெண்ணெய் ஊற்றிக் கையைக் கழுவினாள். மறுநாளும் அதே பாட்டிலைத்தான் எடுக்க வேண்டியிருந்தது. வேறு வேலை எது?

கொஞ்ச நாளில் லோயிஸுக்கே வரன் வந்தது. அரக்கோணத்தில் ரயில்வே வேலை, பையன் பெயர் சற்குணம். அவள் வயதுக்கு இது தட்டிப்போனால் இன்னொன்று வராது என்று சபை முழுக்கப் பேசினார்கள். பையன் வீட்டுப் படம் முதலில் வந்தது. கோட்டு, நாற்காலி, கையில் வேதாகமம், விரலில் மோதிரம். முகம் சோப்புக் கட்டி. அந்த ஊரிலும் ஒரு கஜபதி இருக்கிறான் போலும். லோயிஸ் முகத்தைப் பார்க்கவே இல்லை. வேதாகமத்தைப் பிடித்திருந்த கறுத்த கையை வெகுநேரம் பார்த்துவிட்டு, “கை நல்லா கீது” என்றாள்.

அவள் படத்தைக் கஜபதி எடுத்தான். பென்சிலைத் தூக்கினவனை அவள் தடுத்துவிட்டாள். தேய்க்காத நெகட்டிவில் படம் போட்டு, மூன்று கலரையும் அளந்து குழைத்துத் தன் முகத்தைத் தானே தீட்டினாள். கன்னத்து மேட்டில் மஞ்சள் ஏறியிருந்தது, தாடைக்கு அடியில் நீலம் இறங்கியிருந்தது. நான் கண்ணாடி போட்ட படங்களில் மூச்சு விட்ட படம் அது ஒன்றுதான்.

எலியாஸ் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். “இன்னாம்மா இது? அப்படியே உன்ன மாதிரியே கீதே!”

“நான்தான் நைனா அது.”

“அதான் கேக்கறேன்! ஊருக்கெல்லாம் போடற, உனுக்குப் போட்டுக்க மாட்டியா?”

“மாட்டேன். இத அனுப்பு, இல்லாட்டி எதையும் அனுப்பாத.”

வேறு வழியில்லாமல் அனுப்பினார். ஒரு வாரத்தில் பையனின் தாய்மாமன் வந்தார். வீட்டுக்குப் போகவில்லை, வந்த வேலை அப்படி. நேராக ஸ்டுடியோவுக்கு வந்து, மேசையில் லோயிஸின் படத்தைக் கவிழ்த்து வைத்தார். என்னைவிட இரண்டு பங்கு கறுப்பு அந்த மனுஷன்.

“தப்பா நெனச்சுக்காதம்மா. பொண்ணு கலர் கம்மின்னு அக்கா வேணான்னுட்டாங்க. எங்க பையன் படத்த குடுத்துட்டீங்கன்னா...”

“சாயங்காலம் ரயிலுக்குப் போகசொல்ல வந்து வாங்கிக்கோங்க” என்றாள் லோயிஸ். குரல் ஆடவே இல்லை. எனக்குத்தான் அந்த ஆளைப் பிடித்துத் தெருவில் தள்ள வேண்டும்போல இருந்தது.

கஜபதி கல்யாண வீடு ஒன்றுக்குப் போயிருந்தான். லோயிஸ் வீட்டிலிருந்து சற்குணத்தின் படத்தை எடுத்து வந்து, டர்ப்பன்டைனில் பஞ்சை நனைத்து முகத்தைத் துடைத்தாள். ரோஜா அத்தனையும் பஞ்சோடு வந்துவிட்டது. அடியில் தேய்த்து வெளுத்த முகம், அதில் கண்ணும் மூக்கும் மட்டும். கையின் கறுப்பைப் பார்த்துப் பார்த்துக் கலர் குழைத்து, அதை முகத்துக்கு ஏற்றினாள். வேண்டாம் என்றவனுக்காக ஒரு பகல் பூராவும் இவ்வளவு பொறுமையா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் பார்க்கப் பார்க்க ஒரு ஆள் எழுந்து வந்தான். நல்ல களையான முகம்.

சாயங்காலம் மாமன் வந்தார். படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

“இது வேற யாரோம்மா. எங்க பையன் படத்த குடு.”

“அதுதாங்க. கையப் பாருங்க.”

பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். “கை அவன் கைதான். மோதரமும் அவன்துதான். மூஞ்சி யாருது?”

நான் வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது லோயிஸ் அலமாரியிலிருந்து பொண்ணு கலர் பாட்டிலை எடுத்து அவர் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“எடுத்துகினு போங்க” என்றாள். “உங்க பையன் இதுலதான் கீறாரு.”