பாலேந்திராவின் அரண்மனைச் சாமத்தியவீடு

எண்பத்து நாலில் லண்டனுக்கு அகதியாக வந்து, பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் அடித்து, ஈஸ்ட் ஹாமில் மளிகைக்கடை வாங்கியவன் பாலேந்திரா. அதுவரை நல்ல மனிசன்தான். கடைக்கு மேலே விளக்குப் போட்டுத் தன் பெயரை எழுதினான், தலை கனத்துவிட்டது. அடுத்தவன் கார் வாங்கினால் அதைவிட நீளமான கார் வாங்குவான். பிறகு அதை நிறுத்த இடம் தேடித் தெருத்தெருவாகச் சுற்றுவான்.

தொண்ணூற்று நாலில் அவன் மகள் பெரியபிள்ளையானாள். மச்சான்காரன் தன் மகளுக்கு ஹோட்டலில் சாமத்தியவீட்டுச் சடங்கு செய்திருந்தான். இவனுக்கு ஹோட்டல் போதுமா?

"அண்ணை, நான் அரண்மனை எடுத்திருக்கிறன். அந்தக் காலத்து ஆர்ச்பிஷப் இருந்த அரண்மனை. ராசாமார் சாப்பிட்ட மண்டபம்!" என்றான் என்னிடம்.

லண்டனுக்குத் தெற்கே அரண்மனையென்று மிஞ்சியிருந்தது ஒரு மண்டபமும் சில இடிந்த சுவர்களும்தான். மண்டபத்தின் கூரை முழுக்கப் பழைய மரம். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். என் மடியில் மூன்று மாதப் பேரன் கொட்டாவி விட்டான். எனக்கு அதுதான் பார்க்க அழகாக இருந்தது.

பெண்கள் ஆலாத்தித் தட்டுகளோடு வரிசையாக நின்றார்கள். வாழைப்பழத் துண்டுகளில் திரி குத்தியிருந்தது. ஒருத்தி தீக்குச்சியை உரச, மண்டபத்துப் பொறுப்பாளர் பியற்றிஸ் ஓடிவந்தாள். இங்கே நெருப்பே கூடாது, மண்டபம் எடுக்கும்போதே சொன்னேனே என்றாள். பாலேந்திரா அதை எங்களில் ஒருவருக்கும் சொல்லவில்லை.

அவன் மனைவி அருள்மலரின் முகம் கறுத்தது. "ஆலாத்தி எடுக்காமல் பிள்ளையை என்னெண்டு வீட்டை கூட்டிக்கொண்டு போறது? இவ்வளவு கண்ணும் பட்டுக் கிடக்குது!"

"அதுக்கும் வழி வைச்சிருக்கிறன்" என்று பையிலிருந்து கிறிஸ்மஸ் மரத்துக்குச் சுற்றும் விளக்கு மாலையை எடுத்தான் அந்த விண்ணன். "இதைத் தட்டிலை வையுங்கோ. வீடியோவிலை வித்தியாசம் தெரியாது."

"பிளக்கை எங்கை குத்துறது அத்தான், பிள்ளையின்ரை தலையிலையோ?" என்றாள் அருள்மலரின் தங்கை.

அருள்மலர் சிரிக்கவில்லை. "எழும்பு பிள்ளை" என்று மகளின் கையைப் பிடித்து வெளியே நடந்தாள். தட்டுகளும் பின்னால் போயின. கார் பார்க்கின் ஓரத்தில் இடிந்த சுவரொன்று காற்றை மறைத்தது. அங்கே நெருப்பு வைக்கலாமென்று பியற்றிஸ் தலையசைத்தாள். தூறல் விழ, குடையும் பிடித்தாள். திரிகள் எரிந்தன.

"உள்ளுக்கு வாங்கோ, கூரை வீடியோவிலை வர வேணும்!" பாலேந்திரா வாசலில் நின்று கத்தினான். ஒருவரும் திரும்பவில்லை. வீடியோக்காரனும் வெளியே வந்துவிட்டான்.

அந்த வீடியோக் கசெற்றைத்தான் இப்போதும் கடையில் போட்டுக் காட்டுகிறான். அரண்மனை எங்கே என்று கேட்டால், வெட்கமில்லாமல் அந்த மொட்டைச் சுவரைக் காட்டுகிறான். சுவரடியில் என் கையிலிருந்தபடி பேரன் வாயைப் பிளந்து நெருப்பைப் பார்க்கிறான். மகளையும் தாயையும் தவிர, அந்தக் கசெற்றில் பார்க்க உருப்படியாக இருப்பது அது ஒன்றுதான்.