வட்டி என்று வந்த முதல்

பட்டம்மாளுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு பிடிவாதம்: முதலைத் தொடக் கூடாது. காஞ்சிபுரம் காந்தி ரோட்டில், பட்டுப்புடவைக் கடையில் காலையிலிருந்து இரவு வரை புடவை விரித்துக் காட்டுகிறவளுக்கு ஏது முதல் என்று கேட்பீர்கள். அவள் கணவன் தனசேகரன் லாரி ஓட்டினான். தாமல் ஏரி பக்கம் நெடுஞ்சாலையில் பின்னால் வந்த டேங்கர் மோதி அங்கேயே போய்விட்டான். கோர்ட்டு வாசலில் வருஷக்கணக்காக அலைந்து, வக்கீல் எடுத்துக்கொண்டது போக, அவள் கைக்கு நஷ்டஈடாக வந்தது ஏழு லட்சம். அதில் கை வைத்தால் அவனையே எடுத்துத் தின்ற மாதிரி என்று அவள் நினைத்தாள்.

பணம் கணக்கில் ஏறிய வாரமே வங்கி அதிகாரி சத்யராஜ் கூப்பிட்டு உட்காரவைத்தார். கழுத்தில் டை, வாய் நிறைய அம்மா.

"எஃப்.டி.ல என்னம்மா வரும்? மியூச்சுவல் ஃபண்டுல போடுங்க. மாசம் ஏழாயிரம் வட்டி மாதிரி வந்துக்கினே இருக்கும். முதலைப் பத்திக் கவலையே படாதீங்க."

அவர் நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். சொன்னபடி மாதம் பிறந்தால் ஏழாயிரம் வந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆங்கிலத்தில் ஒரு ஸ்டேட்மென்டும் வந்தது. அதில் தொகை குறைந்திருக்கிறதே என்று ஒருமுறை கேட்டதற்கு, "மார்க்கெட் ஏறும் இறங்கும்மா, அதைப் பாத்து பயப்படாதீங்க" என்றார். அதோடு அவள் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

அந்த முதல் வருஷத்திலேயே மகள் பிரவீனா பன்னிரண்டாவது முடித்து நர்சிங் சேரவேண்டும் என்று நின்றாள். தனியார் கல்லூரி; கட்டவேண்டியது இரண்டரை லட்சம். பட்டம்மாள் அசையவில்லை. "அது உங்கப்பா. அவரை உடைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். பிரவீனா அழுது ஓய்ந்து, ஸ்ரீபெரும்புதூர் செல்போன் கம்பெனி பஸ்ஸில் ஏறினாள். மூன்று வருஷமாக ஏறிக்கொண்டிருக்கிறாள்.

இந்த ஆனி மாதம், விலைவாசி தாங்காமல், வட்டியைக் கொஞ்சம் கூட்டித் தரச் சொல்லலாம் என்று பட்டம்மாள் வங்கிக்குப் போனாள். சத்யராஜ் பதவி உயர்ந்து வேலூர் போய்விட்டாராம். அந்த நாற்காலியில் காவேரி என்ற பெண் இருந்தாள்.

"எட்டாயிரமா மாத்தலாம்மா. ஆனா உங்க யூனிட் இன்னும் சீக்கிரம் தீந்துடுமே, பரவால்லையா?"

"தீந்துடுமா? எது தீந்துடும்?"

காவேரி ஸ்டேட்மென்டை அச்செடுத்து அவள் முன் வைத்தாள். "ரூபாயை அப்புறம் பாக்கலாம். கடைசியில மேலருந்து கீழ வர்ற இந்த வரிசையைப் பாருங்க. போட்ட அன்னைக்கு உங்க பேர்ல இருபதாயிரம் யூனிட். அதான் உங்க முதல். இப்ப பதிமூணாயிரத்து ஐந்நூத்துச் சொச்சம்."

"மீதி எங்கம்மா?"

"மாசாமாசம் அதுல கொஞ்சம் வித்துத்தான் ஏழாயிரம் வருது. ஒவ்வொரு வரியிலயும் ரெடம்ப்ஷன்னு போட்டிருக்குது பாருங்க, வித்து எடுத்ததுன்னு அர்த்தம். வட்டியா இருந்தா இந்த வரிசை குறையவே குறையாது. ஒரு யூனிட்டோட விலை ஏறிக்கினுதான் இருக்குது, இல்லன்னு சொல்லல. ஆனா ஏறுறதைவிட நீங்க எடுக்கிறது ஜாஸ்தி."

பட்டம்மாள் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினாள். ஒவ்வொன்றும் மேலே இருந்ததைவிடச் சின்னது. வட்டிப் பணம்தானே என்று நாத்தனார் வீட்டாரைக் கூப்பிட்டுக் கறிச்சோறு போட்ட மாதமும் அதில் இருந்தது. காவேரியிடம் நம்பர் வாங்கி, அங்கேயே நின்று வேலூருக்குப் போன் போட்டாள்.

சத்யராஜுக்கு ஞாபகம் இருந்தது. "மேடம், டோட்டலா பாத்தா உங்களுக்கு ப்ராஃபிட்தான். நான் வட்டின்னு சொல்லவே இல்லையே, வட்டி மாதிரின்னுதானே சொன்னேன். ஃபார்ம்ல சைன் பண்ணதும் நீங்கதானே."

வட்டி மாதிரியாம்! படித்தவர்களுக்கு எங்கிருந்துதான் இந்த நாக்கு வாய்க்கிறதோ. தாலி போன பணத்தைக் கொண்டுவந்தவளிடம் "உங்கள் பணத்தையே வெட்டித்தான் உங்களுக்குத் தருவோம்" என்று தமிழில் ஒரு வரி சொல்ல அந்த வாய் வரவில்லை.

பட்டம்மாள் சார் என்று கூப்பிடுவதை விட்டுவிட்டாள். "எங்க கடையில கலப்பு ஜரிகைப் புடவையைக் காட்டி சுத்த ஜரிகை மாதிரின்னு வித்தா, அன்னைக்கே வெளிய தள்ளிடுவாங்க. உனக்கு ப்ரமோஷன் குடுத்துக்கிறாங்க!"

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றாள். அந்தப் பக்கம் போன் கட்டாகியிருந்தது.

சாயங்காலம் பிரவீனா ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது பட்டம்மாள் நடந்ததைச் சொன்னாள்.

"இதுவரைக்கும் எவ்ளோ எடுத்துக்கிறோம்?"

"ரெண்டரை லட்சம்."

பிரவீனா தட்டைத் தள்ளி வைத்தாள். "நான் கேட்டதும் அதானம்மா. அப்பாவைத் தொடக் கூடாதுன்ன. அப்பா இருந்திருந்தா அவரே கொண்டுபோய்க் கட்டியிருப்பாரு."

பட்டம்மாள் தட்டை மறுபடி அவள் பக்கம் நகர்த்தினாள். "இப்பப் போனா சேத்துப்பாங்களாடி?"

"அப்ளிகேஷன் இன்னும் குடுத்துக்கினுதான் இருக்காங்க" என்றாள் பிரவீனா, முகத்தைத் திருப்பிக்கொண்டே.

மறுநாள் வங்கி திறந்ததும் பட்டம்மாள் காவேரி முன்னால் போய் உட்கார்ந்தாள். மாதாமாதம் வருவதை நிறுத்தச் சொன்னாள். கல்லூரிக்குக் கட்டவேண்டிய தொகையை மொத்தமாக எடுக்க இன்னொரு படிவம் கேட்டாள்.

காவேரி தயங்கினாள். "யூனிட் ஒரேயடியா போட்டதுல பாதிக்குக் கீழ போயிடும்மா. யோசிச்சுக்கோங்க."

"போவட்டும். இந்த தபா அது எதுக்குப் போவுதுன்னு எனக்குத் தெரியுது இல்ல" என்று பட்டம்மாள் பேனாவை வாங்கினாள்.